ஆமணக்குப் புண்ணாக்குத் தூசியும் இரைப்பு நோயும்

ஆமணக்குப் புண்ணாக்கு நல்லதோர் எரு. இதில் தழைச்சத்து 4.3 சதம், மணிச்சத்து 1.8 சதம், சாம்பல்சத்து 1.3 சதம் உள்ளன. ரிசின் என்னும் நச்சு இருப்பதால் இதை மாட்டுக்கு வைக்கக்கூடாது என்பது உழவர்கள் அறிந்ததே. ஆனால் இதை இடித்துத் தூளாக்கி வயலில் தூவும் ஆட்களுக்கு ஆஸ்துமா எனப்படும் இரைப்பு நோய் வரக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

இந்நோய்க்குக் காரணம் ரிசின் அன்று. கொட்டையிலுள்ள வேறொரு புரதமே காரணம். எண்ணெய் ஆட்டும்போது இது எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சூடேற்றினால் ரிசின் முறிந்துவிடும். இந்தப் புரதம் எளிதில் முறிவதில்லை. ஆகவே நச்சு நீக்கிய புண்ணாக்கு என்றாலும் அதன் தூசி ஆகாது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஓர் ஆமணக்கு எண்ணெய் ஆலையின் தூசியால், அங்கு வேலை செய்யாத அக்கம்பக்கத்தாருக்கும் இழுப்பு கண்டது 1928-ல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. ஆமணக்கு அடைத்த பழைய சாக்குகளில் காப்பிக்கொட்டையை நிரப்பியதால் காப்பிக் கிடங்குத் தொழிலாளர்கள் நோயுற்றதும் உண்டு.

இந்த இரைப்பு முதல் நாளே வருவதில்லை. சில வாரங்களோ, சில ஆண்டுகளோ தூசியில் பழகிய பிறகே தலைகாட்டும். பெரும்பாலும் கண் அரிப்பு, தும்மல், மூக்கு ஒழுகல் முந்திக்கொள்ளும். உடலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிட்டிகைத் தூசியே போதும். பகலில் புண்ணாக்குத் தூவியவருக்கு இரவில்தான் நெஞ்சு இறுகி இழுப்பு வருவதும் உண்டு. இதனால் பனியின் மீதும் பச்சைத் தண்ணீர்க் குளியலின் மீதும் பழியைப் போட்டுவிடுகிறார்கள்! வேலையில்லாத நாட்களில், வெளியூர் சென்ற நாட்களில் இரைப்பு தணிகிறதா என்று கவனிக்க வேண்டும். தணிந்தால் வேலையைச் சந்தேகிக்கலாம். மருத்துவரிடம் செய்யும் வேலையை விவரமாகச் சொல்வது அவசியம். மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவியில் வேலை நாட்களிலும் ஓய்வு நாட்களிலும் தினம் நான்கு முறை ஊதிக் குறித்து வந்தால் உண்மை தெரிந்துவிடும்.

நோய் தொடங்கியதும் தூசியை விட்டு விலகியவர்கள் தேற வாய்ப்பு அதிகம். மருந்தை உறிஞ்சிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அதே தூசியில் நின்றவர்களுக்கு, வேலையை விட்ட பின்னும் இழுப்பு விடாமல் தொடர்வதுண்டு.

புண்ணாக்கை உலர்ந்தபடி இடிப்பதே பெருந்தவறு. முந்தின நாளே தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் தானே உதிரும். அதை ஈர மண்ணுடன் கலந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தாழ்வாக இட வேண்டும். வீட்டு வாசலில் இடிக்கக்கூடாது. வேலை செய்த துணியை அன்றே துவைத்துவிட வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகமூடி ஓரளவு உதவும்.

ஏற்கெனவே இரைப்பு கண்டவருக்கு முகமூடியை நம்பி இவ்வேலையைக் கொடுக்கலாகாது. கூலியைக் குறைக்காமல் அவரை நீர் பாய்ச்சவோ களையெடுக்கவோ அனுப்பலாம். அதே தோட்டத்தில் அவர் நாள்தோறும் வேலை செய்பவரானால், அடுத்த பட்டத்துக்கு ஆமணக்கை விட்டு வேப்பம் புண்ணாக்கு வாங்குவது நலம்.