ரயிலில் இருந்த சனத்தைப் பாருங்கள்

கேள்வி:



நான் திருகோணமலை, திருக்கடலூரைச் சேர்ந்தவன். வேலை சீனக்குடாப் பக்கம். 2004 மார்கழிச் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்குப் பத்து வயது. வீடு சேறும் மணலுமாய்க் கிடந்ததால் சில கிழமைகள் உவர்மலையில் சித்தி வீட்டில் இருந்தோம். அங்கே ஒரு சீடி பிளேயரும், தமிழில் பேசும் ‘ஸ்பைடர்மேன் 2’ படமும் இருந்தன. கரண்ட் இருந்தால் படம் ஓடும். இரண்டாவது சீடியில் கீறல்; ரயில் சண்டை வந்தால் நின்று நின்றுதான் போகும். என்றாலும் அதைவிடப் பெரிய படம் எனக்கு உலகத்தில் இல்லை.

போன மாதம் என் ஏழு வயது மகளோடு இருந்து அதைத் திரும்பப் பார்த்தேன், இங்கிலிசில். முதல் ஒரு மணித்தியாலம் ஏமாற்றம்தான். கட்டடங்களுக்கு நடுவே பறக்கிறவன் றப்பர் பொம்மை மாதிரித் தெரிந்தான். ஆஸ்பத்திரிச் சண்டை முடிந்ததும் மகள் எழும்பிப் போய்விட்டாள். பிறகு தனியத்தான் பார்த்தேன். ரயிலை நிறுத்தியதும் அவன் வலை வீசிப் பறந்து போவான் என்றுதான் என் ஞாபகம். படத்தில் அப்படி இல்லை. மயங்கி விழுகிறான், சனம் அவனைத் தூக்குகிறது. அந்த இடத்தில் அழுதுவிட்டேன். ஏனென்று இன்னும் விளங்கவில்லை. சின்ன வயதில் பிடித்த படத்தைத் திரும்பப் பார்த்தது பிழையா? மகளை மறுபடி இருத்திப் பார்க்க வைக்கலாமா?

– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்:

அன்பின் தம்பி,

பார்த்தது பிழையில்லை. ஏமாற்றமும் கண்ணீரும் ஒரே இரவில் வந்ததுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

ஏமாற்றத்தை முதலில் எடுப்போம். காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதை 2005இல் வென்ற படம் இது. அந்தக் காலத்தில் அதுதான் உச்சம். முழு மனித உடலைக் கணினியில் உருவாக்கிப் பறக்கவிடும் வித்தை அதற்குப் பிறகு வெகுதூரம் வளர்ந்துவிட்டது. இன்றைய படங்களுக்குப் பழகிய கண்ணுக்குப் பழைய உருவம் பொம்மையாகத்தான் தெரியும். ஆனால் அதே படத்தில் வில்லன் டொக்டர் ஒக்டோபஸின் நாலு இரும்புக் கைகளைக் கவனியுங்கள். பல காட்சிகளில் அவை உண்மையாகவே செய்யப்பட்டவை; பொம்மலாட்டக் கலைஞர்கள் சேர்ந்து நின்று இயக்கியவை. அவற்றின் பாரம் நடிகர் அல்பிரெட் மொலினாவின் உடலில் தெரிகிறது. இருபது வருடம் கழிந்தும் அவை பழசாகவில்லை.

அடுத்தது குரல். நீங்கள் உயிராய் நேசித்த ஸ்பைடர்மேன், அந்தப் பீற்றர் பார்க்கர், தமிழில் பேசினவன். போன மாதம் நீங்கள் கேட்டது நடிகர் டோபி மக்வையரின் குரலை. முகம் தெரிந்த ஒருவர் வேறு குரலில் பேசினால் மனம் ஒட்டாது. பின்னணிக் குரல் கொடுத்த கலைஞர்களின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் எத்தனையோ வீடுகளில் அந்த வீரனுக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தான். தமிழ்ப் பதிப்பு கிடைத்தால் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தீரும்.

இனி உங்கள் ஞாபகம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெற் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனையைச் சொல்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதையொன்றை ஆங்கிலேயருக்கு வாசிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லும்படி கேட்டார். விளங்காத பகுதிகளை அவர்கள் விட்டுவிட்டார்கள். தங்களுக்குப் பழக்கமானதை அந்த இடத்தில் வைத்து நிரப்பினார்கள். தாங்கள் மாற்றிச் சொல்வது அவர்களுக்கே தெரியவில்லை. சீடி நின்ற இடத்தில் மிச்சப் படத்தை உங்கள் மனமும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறது. அது எந்தப் பக்கம் ஓடியது என்பதை யோசியுங்கள். வீட்டுக்குள் கடல் வந்து போன ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு, விழாத ஒருவன் வேண்டியிருந்தது. வேலையை முடித்துவிட்டுக் காயம் இல்லாமல் பறந்துபோகிற ஒருவன். அப்படி ஒருவனை நீங்களே செய்துகொண்டீர்கள். அந்தக் கிழமைகளை நீங்கள் கடந்து வர அவன் உதவியிருக்கிறான்.

பிள்ளைகள் ஒரு வீரனிடம் முதலில் எடுத்துக்கொள்வது அவன் ஆற்றலை. என் தலைமுறைக்கு அப்படி வாய்த்தவன், சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் என்பதே எங்களுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் பிரிட்டனின் ‘வாலியன்ற்’ வார இதழில் 1962இல் தொடங்கிய மூலக்கதையில், அவன் அந்த ஆற்றலைக் கொண்டு முதலில் குற்றங்களில்தான் இறங்குகிறான்; திருந்துவது பிறகு. வளர்ந்த பின் அந்தத் திருந்தல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

‘ஸ்பைடர்மேன் 2’உம் அப்படி வளர்ந்தவர்களுக்கென்று நிறைய வைத்திருக்கிற படம். பீற்றர் பீட்ஸா கொண்டுபோகப் பிந்தி வேலையை இழக்கிறான். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். அவனை வளர்த்த மே மாமியின் வீடு கடனில் போகப் போகிறது, வங்கி கைவிரிக்கிறது. அந்த நிலையிலும் பிறந்தநாளுக்கென்று அவள் அவன் கையில் 20 டொலரைத் திணித்து, வாங்க மறுத்தவனிடம் சத்தம் போட்டு, பிறகு உடைந்து அழுகிறாள். பத்து வயதில் இதெல்லாம் சண்டை வரும்வரை பொறுத்திருந்த நேரம். மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிற உங்களுக்கு இன்று இவை சண்டையைவிடப் பெரிய காட்சிகள்.

இரண்டு இடங்களை இன்னொருமுறை பாருங்கள். ஆற்றல் எல்லாம் போய்ச் சாதாரண ஆளாக நிற்கும்போது, எரியும் கட்டடத்துக்குள் ஓடி ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறான் பீற்றர். வெளியே வந்த பிறகுதான் மேல்மாடியில் இன்னொருவர் அகப்பட்டு இறந்துபோனது தெரியவருகிறது. படத்தில் அவன் செய்யும் மிகத் துணிவான காரியம் முகமூடி இல்லாமல், பலம் இல்லாமல் செய்ததுதான். மற்றது சாப்பாட்டு மேசை. மாமியின் கணவருடைய சாவில் தனக்கும் பங்கு உண்டு என்று அவளிடம் ஒத்துக்கொள்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் கையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். இயக்குநர் சாம் ரைமி அந்த இடத்தில் எந்த அலங்காரமும் செய்யவில்லை.

இப்போது ரயிலுக்கு வருவோம். கதை நியூயோர்க்கில் நடந்தாலும், அந்தக் காட்சிக்காகச் சிக்காகோவின் உயர்பாலத் தண்டவாளங்களில் படம் பிடித்தார்கள். ரயிலை நிறுத்தியவன் முகமூடி இல்லாமல் முன்னால் சரியும்போது, உள்ளே இருந்தவர்கள் அவனை எட்டிப் பிடிக்கிறார்கள். தலைக்கு மேலே கை மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். தன் மகனைவிட வயதில் மூத்தவனாய் இருக்கமாட்டான் என்கிறார் ஒருவர். இரண்டு பொடியன்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, ஒருவருக்கும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். டொக்டர் ஒக்டோபஸ் மறுபடி வரும்போது, வெறுங்கையோடு அந்தச் சனம் நடுவில் நிற்கிறது. தடுக்க முடியாது என்று தெரிந்தும் நிற்கிறது.

நீங்கள் அழுதது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். காலையில் வந்த கடல் இந்தத் தீவில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கிழக்குக் கரை முழுக்க அன்று முதலில் கை கொடுத்தது பக்கத்துச் சனம். மேட்டில் இருந்த வீடுகள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் கதவைத் திறந்தன. யார் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. உங்களையும் யாரோ கையில் பிடித்து மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் சித்தி இன்னொரு குடும்பத்துக்குச் சேர்த்து உலை வைத்தார். பிள்ளைகள் பயப்படாமல் இருக்கட்டும் என்று யாரோ அந்தப் படத்தைப் போட்டுவிட்டார்கள். திரைக்குள் ஒருவன் ஊரைக் காப்பாற்றுவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அறைக்கு வெளியே பெரியவர்கள் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து வயதில் அதைக் காண முடியாது, காணவும் தேவையில்லை. இன்று நீங்கள் அவர்களுடைய வயதில் நிற்கிறீர்கள். அந்த ரயிலில் உங்கள் இடம் இப்போது அந்தச் சனத்துக்குள்தான். கண்ணீர் அதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். சித்தியிடம் போய் அந்தக் கிழமைகளைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை பேர் அந்த வீட்டில் படுத்தீர்கள், அரிசி எங்கிருந்து வந்தது, இரவில் பெரியவர்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கீறல் விழுந்த சீடியில் நீங்கள் தவறவிட்டதைப் படம் இப்போது காட்டிவிட்டது. வீட்டில் தவறவிட்டதைச் சொல்லக்கூடியவர் அவர்.

மகள் விடயம். அவள் சலித்துப் போய் எழும்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் இரும்புக் கைகள் வைத்தியர்களையும் தாதிமாரையும் தாக்குகின்றன. அலறலும் நிழலுமாகப் போகிறது. சாம் ரைமி 1981இல் ‘த ஈவில் டெட்’ என்ற பேய்ப்படத்தால் பெயர் எடுத்தவர். அந்தக் கைவண்ணம் இங்கே நன்றாகத் தெரிகிறது. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விடயத்தில் பெற்றோர் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும் என்ற தரத்தைத்தான் கொடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை எழும்பிப் போனது நியாயம். பயந்தாயா என்று மெல்லக் கேளுங்கள். ஓம் என்றால் அந்தக் கைகளைப் பொம்மலாட்டக்காரர்கள் ஆட்டியதைச் சொல்லுங்கள். மறுபடி பிடித்து இருத்தவேண்டாம். இன்னும் நாலைந்து வருடம் போகட்டும்; கேட்டால் காட்டுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு அந்தப் படம் பெரிதானது உங்கள் வயதாலும் அந்தக் காலத்தாலும், பக்கத்தில் இருந்த ஆட்களாலும். அதை அப்படியே மகளுக்குக் கைமாற்ற முடியாது. அவள் தன் படத்தைத் தானே தெரிந்தெடுப்பாள். அது உங்களுக்குப் பிடிக்காத கார்ட்டூனாகவும் இருக்கலாம். அவள் அதைப் போடும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கூட இருந்து பாருங்கள். யார் வென்றது என்று கேட்காதீர்கள். யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். இந்த வயதில் அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.