பனஃப்ஷா: பூவைப் பறிக்கலாம், வேரைப் பிடுங்கலாகாது

இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு-காஷ்மீர் ஆகியவற்றின் மலைக்காடுகளில், ஈரமும் நிழலும் கூடிய இடங்களில் வளரும் சிறு செடி பனஃப்ஷா. இது காட்டு வயலெட் இனத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அறிமுகமான ஓரிதழ்த்தாமரையும் இக்குடும்பமே.

யுனானி மருத்துவத்தில் சளி, இருமல், காய்ச்சலுக்கான ‘ஜோஷாந்தா’ கஷாயத்தில் இதன் உலர்ந்த பூ சேர்கிறது. பூவைச் சர்க்கரையுடன் காய்ச்சிச் சர்பத்தும் செய்வர். இளம் இலையும் பூவும் உண்ணத்தக்கவை. வேரோ வாந்தியை உண்டாக்கும்.

வசந்தத்தில் மலைக் கிராம மக்கள் பூக்களைச் சேகரித்து, நிழலில் உலர்த்தி விற்கின்றனர். உலர்ந்த பூவின் எடை மிகச் சொற்பம். முழுச்செடியும் சந்தையில் விலைபோவதால் வேரோடு பிடுங்குவோரும் உளர். கேடு இங்கேதான் தொடங்குகிறது.

பூவைப் பறிப்பதால் மட்டும் இச்செடி அழிவதில்லை. வசந்த மலர்களுக்குப் பின், இதழ் விரியாத மொட்டுகள் தோன்றித் தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை பெற்று விதை தருகின்றன. வேர் போனால் அவ்விதையும் இல்லை.

இதனைப் பயிரிடலும் இயலும். ஓடுதண்டுள்ள வகைகளில், வேர்விட்ட கன்றுகளைப் பிரித்து, இலைமட்கு கலந்த மண்ணில், பழமரங்களின் அரைநிழலில் நட்டு ஈரம் காத்தல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் பூவை உணவுக்கோ மருந்துக்கோ எடுக்கலாகாது.

மூலிகை வளத்தைப் பேண 2000ஆம் ஆண்டில் தேசிய மருத்துவத் தாவர வாரியம் நிறுவப்பட்டது. எனினும், பூவுக்கு நியாய விலை கிடைத்தாலன்றிப் பிடுங்குதல் நில்லாது. பூ இவ்வாண்டின் வருவாய்; வேர் வரும் ஆண்டுகளுக்கான முதல். அலுவலர்கள் கிராமங்களில் முதலில் உணர்த்த வேண்டியது இதுவே.