வகையிடல் பழக எந்தப் புத்தகம், எந்த வழி? மாயாபந்தர் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

அந்தமான் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்தில் இருப்பவை. அதனால் மாயாபந்தரில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் எடுத்த பிள்ளை, டெல்லியில் படிக்கும் பிள்ளை எழுதும் அதே மாதிரியான தாளைத்தான் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், அதில் நுண்கணிதத்துக்கு மட்டும் 35. தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் இந்த 35க்குள் வந்தாலும், வகையிடல் கைவராமல் அவை இரண்டும் நகராது. ஆக, எந்தப் புத்தகத்தில் பழகுவது, யாரிடம் கேட்பது என்று ஆகஸ்டு, செப்டம்பருக்குள் முடிவெடுத்துவிடுவது நல்லது.

இன்னும் பதினொன்றாம் வகுப்பிலேயே இருப்பவருக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. சி.பி.எஸ்.இ.யில் கணிதம் இரண்டு வகை. 041 என்ற எண்ணுள்ளது வழக்கமான கணிதம், 241 பயன்முறைக் கணிதம். 241இல் நுண்கணிதத்துக்கு 15 மதிப்பெண்தான். வகையிடலின் பயன்பாடும் இறுதிநிலைச் செலவு, வருவாய் என்று வணிகத்தின் பக்கமாகவே போகும். பி.காம்., பொருளாதாரம் என்று தீர்மானித்தவர் 241ஐத் தாராளமாக எடுக்கலாம். பொறியியலோ இயற்பியலோ மனதில் கொஞ்சமாவது இருந்தால் 041தான். கீழே வருவதெல்லாம் 041 மாணவருக்கு.

புத்தகம் தேடும் முன் தன் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வகையிடலில் மாணவர் சறுக்கும் இடங்கள் இரண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்று உத்தி. சங்கிலி விதி, பெருக்கல் விதி, மடக்கை எடுத்து வகையிடுதல் ஆகியவற்றில் கை தடுமாறுவது. மற்றொன்று பயன்பாடு. கணக்கில் சொன்னதைச் சமன்பாடாக்கத் தெரியாமல் நிற்பது. முதல் வகைப் பிள்ளைக்கு ஒரே மாதிரி கணக்குகள் நிறைய வேண்டும், வேகமாக. இரண்டாம் வகைப் பிள்ளைக்குக் கணக்குகள் குறைவாக இருந்தால் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் உட்கார வேண்டும். இது புரியாமல் இருவருமே ஆர்.டி. சர்மாவின் தடித்த வழிகாட்டி நூலை வாங்கி வைத்துக்கொண்டு முதல் பயிற்சியிலேயே களைத்துப் போகிறார்கள்.

அடிப்படை என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். முதல் பாகத்தின் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள். விலை குறைவு, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. எடுத்துக்காட்டுகளோடு சேர்த்து ஒரு கணக்கு விடாமல் போட வேண்டிய புத்தகம் இது ஒன்றே. சீனியர் கொடுத்த பழைய பிரதி வைத்திருப்பவர் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2022-23இல் பாடச்சுமையைக் குறைத்தபோது ரோல், லெக்ராஞ்சி தேற்றங்கள், தொடுகோடு–செங்கோடு, தோராய மதிப்பு ஆகிய பகுதிகளை எடுத்துவிட்டார்கள். பழைய பிரதியில் அவை அப்படியே இருக்கும். பள்ளித் தேர்வு மட்டும் எழுதுபவர் தாண்டிப் போகலாம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்குப் படிப்பவர் தாண்டக் கூடாது, அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் ரோல், லெக்ராஞ்சி தேற்றங்களும் தொடுகோடு–செங்கோடும் இன்னும் இருக்கின்றன. அவருக்குப் பழைய பிரதி புதியதைவிட மேல்.

உத்தி என்ற அளவில் இந்தப் புத்தகத்தின் குறை, ஒரே வகைக் கணக்கு போதுமான எண்ணிக்கையில் இல்லாததுதான். சைன் மூன்று எக்ஸ் என்பதன் வர்க்கத்தை வகையிடச் சொல்லிப் பாருங்கள். வெளியே வர்க்கம், நடுவில் சைன், உள்ளே மூன்று எக்ஸ் என மூன்று அடுக்கு. வர்க்கத்திலிருந்து 2 வரும், சைன் கொசைனாகும், உள்ளிருந்து ஒரு 3 வரும். விடை ஆறு சைன் மூன்று எக்ஸ் கொசைன் மூன்று எக்ஸ். பாதி வகுப்பு அந்த 3ஐ விட்டுவிட்டு 2உடன் நிறுத்தும். விதி தெரியாமல் இல்லை, கை பழகாததுதான் காரணம். இதற்குத் தடித்த வழிகாட்டி நூல் உதவும். ஆனால் சங்கிலி விதிப் பகுதியில் இருபது கணக்கு, மடக்கைப் பகுதியில் பத்து என்று தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை முதல் அட்டை வரை போட்டு முடிப்பேன் என்று சபதம் எடுப்பவர் ஜனவரியில் வரையறுத்த தொகையிடலைத் தொட்டிருக்க மாட்டார்.

எண்ணிக்கையைவிட நிதானம் கேட்கும் உத்திக் கணக்குகளும் உண்டு. இரண்டு எக்ஸை ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கத்தால் வகுத்து, அதன் நேர்மாறு சைனை வகையிடும் கணக்கு தெரிந்ததே. எக்ஸுக்குப் பதில் டான் தீட்டா போட்டால் இரண்டே வரியில் விடை வரும். ஆனால் அந்த விடை எக்ஸ் −1க்கும் 1க்கும் நடுவே இருந்தால்தான் சரி. அதற்கு வெளியே போனால் குறி மாறிவிடும். வழிகாட்டி நூலில் விடையை மட்டும் ஒப்பிட்டு டிக் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது கண்ணில் படவே படாது. என்.சி.இ.ஆர்.டி.யே வெளியிடும் எக்செம்ப்ளர் தொகுப்பை இதற்காகத்தான் சொல்கிறேன். யோசிக்க வைக்கும் தொகுப்பு அது.

பயன்பாட்டுக்கு வருவோம். 45க்கு 24 செ.மீ. தகரத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, மடித்துத் திறந்த பெட்டி செய்யும் கணக்கு என்.சி.இ.ஆர்.டி.யில் இருக்கிறது. கன அளவு எழுதி, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமன் செய்தால் வெட்டும் சதுரத்தின் பக்கம் 5 அல்லது 18 என்று வரும். 18ஐ எடுத்தால் 24 செ.மீ. பக்கத்தில் இரு மூலைக்கும் சேர்த்து 36 வெட்ட வேண்டும், அதற்கு இடமே இல்லை. விடை 5, பெட்டியின் கன அளவு 2450 கன செ.மீ. இந்தக் கணக்கில் வகையிடல் இரண்டு வரிதான். மற்றதெல்லாம் படம் வரைவதும், எந்த எண்ணைத் தள்ளுவது என்று பார்ப்பதும். இப்போதைய வினாத்தாளில் வரும் மூன்று சூழல் வினாக்களுக்கும் இந்தத் திறமைதான் தேவை.

இந்தப் பழக்கத்துக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூலை நான் முன்னால் வைப்பேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது பெரிய வசதி, ஏனோ மாயாபந்தரில் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பு நூலின் பத்தாம் அத்தியாயம் வகையிடல் முறைகள், பன்னிரண்டாம் வகுப்பு நூலின் ஏழாம் அத்தியாயம் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கலாம். என்.சி.இ.ஆர்.டி. கைவிட்ட தொடுகோடும் ரோல் தேற்றமும் இதில் இருக்கின்றன. லோபிதால் விதி, குழிவு–குவிவு, வளைவரை வரைதல் என்று அதற்கு மேலும் போகிறது. கணக்கைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, விடையைத் தேர்வு எழுதும் மொழியில் எழுதிப் பழகுங்கள். ஏணி சறுக்குவதையும் கூம்பாகக் குவியும் மணலையும் மனக்கண்ணில் பார்க்க வீட்டு மொழி தரும் தெளிவு வேறு. ஒரு எச்சரிக்கை: எட்டாம் அத்தியாயத்தில் பகுதி வகைக்கெழு வரும். சி.பி.எஸ்.இ.க்கும் அது வேண்டாம், ஜே.இ.இ.க்கும் வேண்டாம். அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

காணொளிப் பாடம் நன்றா என்று கேட்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, ரங்கத்திலும் அது கரையேறுகிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்று வலை எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் காணொளி பார்ப்பது கணக்குப் போடுவது ஆகாது. அடுத்தவர் கை பலகையில் ஓடும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பதினைந்து நிமிடம் முயன்றும் ஒரு கணக்கு நகரவில்லை என்றால், அந்த ஒரு கணக்குக்கு மட்டும் பாருங்கள். போனில் ஜியோஜீப்ரா ஏற்றி வைத்துக்கொண்டால் வலை இல்லாத நேரத்திலும் வளைவரை வரைந்து, தொடுகோட்டை நகர்த்திப் பார்க்கலாம். மணிக்கணக்கில் காணொளி பார்ப்பதைவிட அது உருப்படியான வேலை.

போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அனுப்பிக் கோச்சிங் சேர்ப்பது பற்றிப் பெற்றோர் யோசிப்பதுண்டு. டிரங்க் ரோட்டில் 240 கிலோமீட்டர் அளவு தூரம். வாகனங்களைக் கூட்டமாக அனுப்பும் ஜிர்காடாங் கான்வாய்க்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரு பகலே போய்விடும். வார இறுதியில் போய் வரும் கதை நடக்காது. விடுதியில் தங்கினால்தான் உண்டு. ஜே.இ.இ.யில் உறுதியாக இருக்கும், ஏற்கெனவே கணக்கில் கை ஓடும் பிள்ளைக்கு அது பலன் தரும். வகையிடலில் தடுமாறும் பிள்ளைக்கு உள்ளூரில் நோட்டைத் திருத்திக் கொடுக்கும் ஒரு ஆசிரியரே போதும். சங்கிலி விதியில் எங்கே 3 தொலைந்தது என்று சுட்டிக்காட்ட ஒரு கண் வேண்டும், அவ்வளவே. கோச்சிங் விடுதிக்கு ஆகும் செலவில் புத்தகம் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும்.

மாயாபந்தர் பிள்ளைக்கு வாசலிலேயே ஒரு பயன்பாட்டுக் கணக்கு இருக்கிறது. கடல் ஏறி வற்ற ஒரு சுற்றுக்குச் சுமார் 12.4 மணி நேரம். ஜெட்டித் தூணில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தை 0.8 மீட்டர் வீச்சுள்ள கொசைனாக எழுதி வகையிட்டால் மட்டம் மாறும் வீதம் கிடைக்கும். உச்சத்திலும் அடியிலும் அது பூச்சியம். நடுவில்தான் மிக அதிகம், 0.8ஐ இரண்டு பையால் பெருக்கி 12.4ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40 செ.மீ. வற்றம் பாதியில் இருக்கும்போது தண்ணீர் மளமளவென்று இறங்குவதைப் படகுக்காரர் யாரிடம் கேட்டாலும் சொல்வார். உங்கள் தூணில் ஒருநாள் மணிக்கொரு முறை குறித்துப் பார்த்து, வந்த எண்களை இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். எந்த வழிகாட்டி நூலிலும் உங்கள் தூணின் எண்கள் இருக்காது.

கேட்டால் என் தீர்ப்பு இதுதான். பள்ளித் தேர்வு மட்டும் என்றால் என்.சி.இ.ஆர்.டி., எக்செம்ப்ளர், கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்கள். வழிகாட்டி நூலை வாங்க வேண்டாம், நண்பரிடம் இரண்டு வாரம் கடன் வாங்கினால் போதும். ஜே.இ.இ. உண்டென்றால் இவற்றோடு தமிழ்நாடு நூலின் ஏழாம் அத்தியாயம் முழுவதும். ஒரே ஒரு புத்தகம்தான் கைக்கு எட்டும் என்றால் என்.சி.இ.ஆர்.டி.யை எடுத்து, விடைப் பகுதியை மூடி வைத்துவிட்டு இரண்டு தடவை போடுங்கள்.