கீரிமலைக் கேணியும் நமது கடையும்

கீரிமலையில் கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்புநீர், இந்தப் பக்கம் நன்னீர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் தங்கி நிற்கிறது. கேணியிலும் கிணறுகளிலும் ஊறுவது அதுதான். மோட்டார் பூட்டி ஓயாமல் இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். விவசாயிகள் கிணற்றை ஊறவிடுவது அதனால்தான்.

நமது வியாபாரிகள் பலர் தம் உடம்பை ஊறவிடுவதில்லை என்பேன். ஐந்து மணிக்கு சுபஹுக்கு எழும்பியவர் இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டி, அதன் பிறகே கணக்குக் கொப்பியைத் திறக்கிறார். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக 1997இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. வாழ்நாளில் குடியைத் தொடாத மனிதர், அந்த நிலையில் காசோலையில் கையொப்பமிடுகிறார்!

கணக்கைக் காலையில் பாருங்கள். லுஹருக்குப் பின் கடையைப் பையனிடம் விட்டு இருபது நிமிடம் சாயுங்கள். கைலூலா நமக்குப் புதிதல்ல. அதற்குமேல் நீண்டால் எழும்பும்போது மந்தமாயிருக்கும். இரவின் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு இது ஈடுமல்ல.

வியாபாரம் போய்விடுமே என்பார்கள். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குக் கடை பூட்டுகிறோம். நேரம் தெரிந்த வாடிக்கையாளர் பிறகு வருகிறார். தனியாளாகக் கடை நடத்துபவரும் ஓய்வு நேரத்தைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டலாம்.