சிவந்த தோல் சொல்வது என்ன?

உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் உறுப்பு கொக்லியா. அங்குள்ள மயிர்க்கலங்கள் பழுதடைந்தால் ஒலி நரம்பைச் சென்றடையாது. அவ்வாறு கேட்கும் திறனை இழந்த பிள்ளைகளுக்குப் பொருத்தப்படுவதே கொக்லியர் இம்பிளான்ட். மெல்பேர்ண் நகரில் பேராசிரியர் கிரேம் கிளார்க்கின் குழுவினர் தாம் உருவாக்கிய கருவியை 1978 இல் ஒருவருக்குப் பொருத்தினர்.

கருவியின் ஒரு பகுதி தலைத்தோலின் கீழும் மற்றையது வெளியிலும் இருக்கும். இரண்டையும் காந்தங்கள் இணைக்கின்றன. நடுவில் அகப்படுவது பிள்ளையின் மெல்லிய தோல்.

அந்தத் தோல் சிவந்தால் உடனே "அலர்ஜி" என்கிறோம். பெரும்பாலும் காரணம் காந்தத்தின் அழுத்தமே. அழுத்தம் கூடினால் இரத்தவோட்டம் குறைந்து புண் உண்டாகும். எம்மைப் போல் பர்தா அணியும் பிள்ளை அதை இறுக்கிக் கட்டினால் அழுத்தமும் வியர்வையும் கூடும். இதற்குத் தீர்வு வலிமை குறைந்த காந்தம், மருந்தல்ல.

உண்மையான ஒவ்வாமையும் உண்டு, ஆனால் அரிது. கருவியின் உறையிலுள்ள சிலிக்கனைச் சில உடல்கள் ஏற்பதில்லை. கிருமித்தொற்று இல்லாமலே வீக்கமும் ஆறாத காயமும் தோன்றும். சில வேளை மாதங்கள் கழித்தும் தோன்றலாம்.

இதை அறிய ஒட்டுப் பரிசோதனை செய்வர். ஊசியால் தோலைக் கீறும் பரிசோதனை ஏறத்தாழ 15 நிமிடங்களில் விடை தரும். அது உடனடி ஒவ்வாமைக்கானது. இதுவோ ரி நிணநீர்க்குழியங்களால் தாமதமாக ஏற்படுவது. நிர்ப்பீடனப் பாடத்தில் நான் புள்ளிகளுக்காக மனனம் செய்த வேறுபாடு இங்கே ஒரு பிள்ளையின் செவியைத் தீர்மானிக்கிறது. பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் நனையாமல் வைத்திருந்து, எடுக்கும்போதும் ஓரிரு நாட்களின் பின்னும் பார்ப்பர். முதுகில் ஸ்டீரொயிட் களிம்பு பூசியிருந்தால் விடை பிழைக்கலாம்.

ஏன் இவ்வளவு கவனம்? அழுத்தத்தை ஒவ்வாமை என்றெண்ணி நல்ல கருவியை அகற்றினால், மொழி கற்கும் வயதில் பிள்ளை மீண்டும் மௌனத்துக்குத் தள்ளப்படும். தொற்றை அலட்சியம் செய்தால் தோல் திறந்து கருவி வெளித்தெரியும். ஒவ்வாமை உறுதியானால் வேறு வகைச் சிலிக்கனால் செய்த கருவியைப் பொருத்த வழியுண்டு.

ஆகவே சகோதரிகளே, உங்கள் குடும்பத்தில் இத்தகைய பிள்ளை இருந்தால், முன்பிருந்த ஒவ்வாமைகளைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கூறுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத வயது அது. இரவில் கருவியைக் கழற்றும்போது காந்தம் இருந்த இடத்தை ஒருமுறை பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் நீங்களாகக் களிம்பு பூசாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.