முதல் ஜப்பானிய டீபாட் வாங்கப் போறீங்களா? இந்தக் கணக்கைப் போட்டுட்டு வாங்குங்க!

சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல, முதல் போனஸ்ல நான் ஒரு ஜப்பானிய இரும்பு டீபாட் வாங்கினேன். படத்துல கறுப்பா, கம்பீரமா இருந்துச்சு. இரும்புதானேன்னு நேரா கேஸ் அடுப்புல வச்சேன். உள்ளே பூசியிருந்த எனாமல் வெடிச்சு உரிஞ்சு போச்சு. மூணாவது நாளே அது ஷோகேஸ் பொருள் ஆயிடுச்சு. கிளையண்ட்டோட ஒவ்வொரு வவுச்சரையும் நோண்டிக் கேள்வி கேட்குறவன், சொந்தப் பணத்துக்கு ஒரு கேள்விகூட கேட்கல. அந்தத் தப்பை நீங்க பண்ணக்கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

1. எதை வாங்குறோம்னு முதல்ல தெரியணும்

இரும்புல ரெண்டு வகை இருக்கு. 'டெட்சுபின்' தண்ணி கொதிக்க வைக்குற கெட்டில். உள்ளே எனாமல் இருக்காது. இன்னொன்னு எனாமல் பூசின இரும்பு டீபாட். இதுல டீ ஊற வைக்கலாம், அடுப்புல வைக்கக்கூடாது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான் ஏமாந்தது இங்கேதான்.

ஜப்பான்ல வீடுகள்ல க்ரீன் டீ போடப் பயன்படுறது பெரும்பாலும் 'கியூசு'. சின்ன மண் பாத்திரம், கைப்பிடி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கும். ஐச்சி மாகாணத்துல இருக்குற டோகோனாமே ஊரோட சிவப்பு மண் கியூசு ரொம்பப் பிரபலம். மியே மாகாணத்து யொக்காய்ச்சியில செய்யுற பாங்கோ வகையும் அப்படித்தான். முதல் டீபாட்டுக்கு ஒரு சாதாரண கியூசு போதும். கைவினைக் கலைஞர் பெயர் போட்ட விலை உயர்ந்தது இப்போ வேண்டாம்.

2. பெருசா வாங்காதீங்க

நம்ம வீட்டுல டீன்னா ஒரு பாத்திரம் நிறையப் போடுவோம். செஞ்சா டீ அப்படி இல்ல. 4 முதல் 5 கிராம் இலைக்கு சுமார் 200 மில்லி தண்ணி. அதே இலையில ரெண்டு, மூணு தடவை போடலாம். அதனால ஒருத்தர் அல்லது ரெண்டு பேருக்கு 200 முதல் 300 மில்லி கொள்ளளவு போதும்.

உள்ளே இருக்குற வடிகட்டியையும் பாருங்க. 'ஃபுகாமுஷி' வகை இலை தூள் தூளா இருக்கும், அதுக்கு ரொம்ப நைஸான வலை வேணும். மூடி ஆடாம உட்காரணும். இடது கைக்காரங்களுக்குத் தனியா செய்யுற கியூசுவும் இருக்கு, கேட்டு வாங்குங்க.

3. வெப்சைட்ல போட்டிருக்குற விலை உங்க செலவு இல்ல

ஜப்பான்ல இருந்து நேரடியா வரவழைச்சா, பொருள் விலையோட ஷிப்பிங், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் கஸ்டம்ஸ் மதிப்பு போடுவாங்க. அதுக்கு மேல சுங்க வரி. அந்த மொத்தத்து மேல ஐ.ஜி.எஸ்.டி. கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்அப், அந்த மார்க்அப்புக்கு 18% ஜி.எஸ்.டி.

ஒரு உதாரணம்: கியூசு ₹4,000, ஷிப்பிங் ₹2,000. மொத்தம் ₹6,000. வரி எல்லாம் சேர்ந்து 40%னு கணக்குக்காக மட்டும் வச்சுக்குவோம்: ₹2,400. கார்டு மார்க்அப் 3.5%ன்னா ₹210, அதுக்கு ஜி.எஸ்.டி. சுமார் ₹38. ஆக மொத்தம் ₹8,648. நாலாயிரம்னு நினைச்சது ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு! வாங்குற அன்னைக்கு இருக்குற வரி விகிதத்தைப் பார்த்துட்டு உங்க கணக்கைப் போடுங்க. இந்தியாவுலயே விக்கிற கடை விலையோட ஒப்பிட்டுப் பாருங்க.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'ன்னு காட்டினாலும் வட்டிக்கு உண்டான ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான் விழும். டீபாட்டை இ.எம்.ஐ.ல வாங்க வேண்டிய நிலைமைன்னா, அந்த மாசம் அது வேண்டாம்.

4. ஒரு தடவைக்கு எவ்வளவு?

அதே ₹8,648 டீபாட்டை வாரம் 5 நாள், ரெண்டு வருஷம் பயன்படுத்தினா 520 தடவை. ஒரு தடவைக்கு சுமார் ₹17. பத்தே தடவையோட நின்னுட்டா ₹865! விலை அதே விலைதான், மாறுறது உங்க பழக்கம் மட்டும்தான்.

இன்னொன்னு: டீபாட் ஒரு தடவை செலவு, இலைதான் மாசாமாசம் வர்ற செலவு. தடவைக்கு 4 கிராம்னா 100 கிராம் பாக்கெட் 25 தடவை வரும். பிரிச்ச பாக்கெட்டை நாலஞ்சு வாரத்துல முடிக்கணும், இல்லன்னா மணம் போயிடும். இந்தச் செலவுக்கு பட்ஜெட்ல இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க.

5. முதல் 30 நாள் டீபாட்டே வேண்டாம்

சின்ன பாக்கெட் செஞ்சா வாங்குங்க. கொதிக்கிற தண்ணியை அப்படியே ஊத்தினா கசக்கும். 70 முதல் 80 டிகிரிக்கு ஆறணும். ஜப்பான்காரங்க இதுக்கு 'யுசமாஷி'ன்னு ஒரு பாத்திரம் வச்சிருக்காங்க. நமக்கு டவரா டம்ளர் இருக்கு! ரெண்டு மூணு தடவை மாத்தி ஆத்துங்க. ஒரு கப்புல இலையைப் போட்டு, தண்ணியை ஊத்தி, ஒரு நிமிஷம் கழிச்சு டீ வடிகட்டியில வடிங்க. பால், சர்க்கரை வேண்டாம்.

30 நாள்ல 20 நாளாவது குடிச்சீங்களா? அப்போ தாராளமா டீபாட் வாங்குங்க. மூணு நாளோட விட்டுட்டீங்களா? உங்க பணம் தப்பிச்சுது, சந்தோஷப்படுங்க.

வாங்கின பிறகு

மூக்கு நுனியில ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தா கழட்டிடுங்க. அது பார்சல்ல உடையாம இருக்கத்தான். விட்டு வச்சா அழுக்கு சேரும். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்திடுங்க, தண்ணி தங்கினா அடுத்த டீ கசக்கும். கிளேஸ் பூசாத மண் கியூசுவுக்கு சோப்பு போடாதீங்க, வெறும் தண்ணியில கழுவி, மூடியைத் திறந்து காய வைங்க. அடுப்புல மட்டும் வைக்கவே வைக்காதீங்க!

என் இரும்பு டீபாட் இன்னும் ஆபீஸ் மேசையில இருக்கு, பேனா ஸ்டாண்டா. ஏதாவது ஆன்லைன்ல 'வாங்கு' பட்டனை அழுத்தப் போறப்போ அதை ஒரு தடவை பார்த்துக்குவேன். உங்க வீட்டுல அப்படி ஒரு பொருள் இருக்கா? அதோட மொத்தச் செலவை இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.