மஞ்சள் கறை கற்பித்த பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

குழந்தை உள்ள வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அரிசி வாசலில் கிடக்கும். மாவு தலையில் இருக்கும். அடுப்புக்கரி சுவரில் யானையாகவும் பேருந்தாகவும் மாறியிருக்கும். நாம் இதற்குக் ‘குறும்பு’ என்று ஒரு பெயரைச் சூட்டி, முதுகில் ஓர் அடியும் வைத்து, அத்துடன் மறந்துவிடுகிறோம். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை ஏன் இவ்வாறு செய்கிறது? பெரியவர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? இவற்றை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

முன்னோர் கண்ட குறும்பு

நம் முன்னோர் இதனைக் குற்றமாகக் கருதவில்லை. புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடிய பாண்டியன் அறிவுடை நம்பி, நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை வாழ்க்கையின் பயனாகவே கண்டான். திருவள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் சின்னஞ்சிறு கை அளைந்த கூழைப் போற்றுகிறார். ஓர் அரசனும் ஒரு பெரும்புலவரும் சிந்திய சோற்றையே சிறப்பித்துப் பேசினர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எங்கள் வீட்டில் நடந்தது

ஓசூர்த் தொழிற்பேட்டையை அடுத்த லைன் வீடு ஒன்றில் என் அக்காளுடன் தங்கிப் படித்து வருகிறேன். அக்காளும் அவள் கணவரும் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்பவர்கள். இருவரும் இல்லாத வேளையில் அவர்களுடைய நான்கு வயது மகனுக்கு நானே காவல். வாசலில் விளையாடும் பிள்ளைகளுடன் சேர்ந்து அவன் தண்ணீரைக் கன்னடத்தில் ‘நீரு’ என்பான், தெலுங்கில் ‘நீள்ளு’ என்பான். பசித்தால் மட்டும் தமிழில் அழுவான்.

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முதல்நாள், மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து என் ரெக்கார்டு நோட்டிலும், வெள்ளைச் சட்டையிலும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் அவன் பூசிவிட்டான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி நோட்டு எழுதிய முதல் ஆள் நான். அந்த நோட்டு எனக்கு உயிர் போன்றது. கோபத்தில் இரண்டு அடி பலமாகவே வைத்துவிட்டேன். மாலையில் வீட்டுக்காரர் வந்து, “இன்னொரு தடவை சுவர் பாழானால் வீட்டைக் காலி செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லிப் போனார்.

அதன்பின் ஒரு வாரம் அவன் எதையும் தொடவில்லை. நானே தாளும் பென்சிலும் நீட்டியபோது கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “வேண்டாம் மாமா, அடிப்பே” என்றான். வீடு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுத்தம் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். மஞ்சள் கறை சிவப்பாக மாறியது. எட்டி நின்று பார்த்தவன், “மாமா, ரத்தம்!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்தான். எனக்குச் சுருக்கென்றது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தில் செந்நிறமாகும், அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகும் என்று அதே ரெக்கார்டு நோட்டில் நான் எழுதியிருந்தேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டினேன், சிவப்பு மறைந்தது. “இன்னொரு தடவை மாமா” என்றான். ஏழு நாட்களுக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை அது. ஆய்வகத்தில் நாம் மதிப்பெண்ணுக்காகச் செய்வதைக் குழந்தை ஆசையால் செய்கிறது. வேறுபாடு அவ்வளவே.

ரோம் நகரின் லைன் வீடுகள்

சுவரைக் கெடுத்த குழந்தைகளால் ஒரு கல்விமுறையே பிறந்த வரலாறும் உண்டு. இத்தாலி நாட்டு ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் புதுப்பித்த குடியிருப்புகளின் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களைக் கவனிக்குமாறு கட்டட நிறுவனத்தார் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவரை வேண்டினர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அங்கே ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது. அம்மையார் அவர்களை அடக்கி உட்கார வைக்கவில்லை. நீர் ஊற்றுதல், துடைத்தல், பெருக்குதல் போன்ற வேலைகளைச் சிறு கைகளுக்கு ஏற்ற கருவிகளுடன் கொடுத்தார். குழந்தைகள் அவ்வேலைகளில் ஆழ்ந்து ஈடுபட்டனர். அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமக்குப் பெருமை.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே கூறிய சோதனையை நானும் செய்து பார்த்தேன். அகன்ற டம்ளரில் இருந்த நீரை அவன் கண்ணெதிரே ஒடுங்கிய உயர்ந்த டம்ளரில் ஊற்றி, “எதில் அதிகம்?” என்றேன். “உயரமானதில்” என்றான். ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தைகள் பலரும் இவ்வாறே கூறுவர். அளவு மாறவில்லை என்பது நாம் சொல்லி வருவதன்று. பலமுறை ஊற்றி, சிந்தி, அளைந்து வளரவேண்டிய அறிவு அது.

செய்யத்தக்கவை

1. ‘செய்யாதே’ என்பதை விட ‘இங்கே செய்’ என்பது பயன்தரும். பழைய பிரஷ்ஷும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தால் சிமெண்ட் வாசலில் குழந்தை ஓவியம் தீட்டும். வெயிலில் அது தானே காய்ந்துவிடும். வீட்டுக்காரருக்கும் வருத்தமில்லை.

2. ஒரு பங்கு மைதாவுக்கு அரைப் பங்கு உப்பு, சிறிது எண்ணெய், நீர் சேர்த்துப் பிசைந்தால் பொம்மை செய்யும் மாவு கிடைக்கும். நம் பக்கத்துக் கேழ்வரகு மாவு இதற்கு உதவாது. கோதுமையில் உள்ள குளூட்டன் அதில் இல்லாமையால் உதிர்ந்துவிடும்.

3. சிந்தியதைத் துடைக்கக் குழந்தைக்கும் ஒரு துணி கொடுக்கவேண்டும். தண்டனையாக அன்று, விளையாட்டின் கடைசிப் பகுதியாக.

4. நம் நோட்டுகளை அதன் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். அன்று நோட்டைத் தரையில் விட்டது என் தவறே.

விடக்கூடாதவை

எல்லாக் குறும்பையும் அனுமதிக்க இயலாது. கழிவறை கழுவும் ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருந்தவறு. குழந்தை அவற்றைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். பொத்தான் வடிவ பாட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகும். உரிந்து விழும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்ற விதி 2017இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

முடிவுரை

வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தியால் இவை அனைத்தும் இயலுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனால்தான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பு 1976இல் 30 எனக் குறைக்கப்பட்டது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நமக்கு அங்கன்வாடிகளைத் தந்தது. அங்கே சத்துமாவுடன் மண்ணும் நீரும் வண்ணமும் கிடைக்குமாறு செய்வது நம் அனைவரின் கடமை.

மஞ்சள் படிந்த அந்த நோட்டைப் பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் திருத்திக் கொடுத்தார். கறை வெயிலில் வெளுத்துவிட்டது. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்ற குழந்தையின் முகம் மட்டும் என் மனத்தில் வெளுக்கவில்லை. தோழர்களே, வீட்டில் தம்பியோ தங்கையோ மருமகனோ எதையேனும் கொட்டினால், கையை ஓங்குமுன் அது என்ன சோதனை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.